வேலி இல்லாத இயந்திரம்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், இயந்திரப் பொறியியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் அழைத்து, "நீதான் யூடியூப் சேனல் எல்லாம் நடத்துறியேப்பா, அதைப் பத்திப் பேசு, பையன்களுக்குப் பிடிக்கும்" என்றார். பேசுகிறேன். ஆனால் சப்ஸ்கிரைபர் சேர்ப்பது எப்படி என்பது என் பேச்சில் வராது. அந்தச் சேனலில் நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப்போகிறேன். தப்பைச் சொல்வதற்குச் சொந்த வீட்டை விட நல்ல இடம் இல்லை. இந்தக் கல்லூரி எனக்குச் சொந்த வீடு.

முதலில் நம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் வயதுக்காரர்களுக்கு லேத் பிரிவு மாஸ்டரை நினைவிருக்கும். காக்கி ஏப்ரன், காதுக்குப் பின்னால் பென்சில், இடது கை எப்போதும் ஏப்ரன் பைக்குள். முதல் நாள் எங்களை வரிசையாக நிற்க வைத்து வாட்ச், மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். முழுக்கைச் சட்டை போட்டவனை முழங்கைக்கு மேலே மடிக்கச் சொன்னார். சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு எவனாவது மெஷினை ஓட்டினால் அன்றோடு அவனுக்கு லேத் கிடையாது என்றார். அவ்வளவுதான். ரத்தக் கதை ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது வகுப்போ ஏழாவது வகுப்போ, எல்லோரும் ஒரு ஸ்டெப் டர்னிங் ஜாப் முடித்துவிட்ட பிறகு, எங்களைச் சுற்றி நிற்கச் சொல்லிப் பையிலிருந்து இடது கையை வெளியே எடுத்தார். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு இல்லை. இளவயதில் ஒரு பட்டறையில், ஓடிக்கொண்டிருந்த ஜாப்பில் சுற்றிய சுருளை விரலால் தட்டிவிடப் போய் நடந்தது என்றார். எங்களில் ஒருவன், "இதை மொதல் நாளே காட்டியிருக்கலாமே மாஸ்டர்" என்று கேட்டுவிட்டான்.

"மொதல் நாளே காட்டியிருந்தா நீங்க மெஷின் பக்கம் வந்திருக்க மாட்டீங்கடா. வந்தாலும் கை நடுங்கும். நடுங்குற கைக்குத்தான் அடிபடும். இப்ப உங்களுக்கு மெஷின் தெரியும். இப்பப் பாத்தா புத்தி வரும்" என்றார்.

அந்தப் பதிலை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து வருஷம் கழித்துத்தான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது.

நான் ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். 2020 ஊரடங்கில் வீட்டில் சும்மா இருந்தபோது சேனல் ஆரம்பித்தேன். தொழிற்சாலை விபத்துகள் ஏன் நடக்கின்றன, எப்படித் தடுக்கலாம் என்று தமிழில் விளக்குவது. நல்ல நோக்கம்தான். ஷாப் ஃப்ளோரில் நிற்கிற தொழிலாளிக்கு ஆங்கிலத்தில் பாதுகாப்புப் புத்தகம் கொடுத்து என்ன பயன்? அவர் மொழியில் சொன்னால் போய்ச் சேரும் என்று நினைத்தேன். போயும் சேர்ந்தது.

ஆனால் ஒன்று கவனித்தேன். கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினால் நூறு பேர் பார்த்தார்கள். உண்மையான விபத்துக் காட்சியைச் சேர்த்தால் பல மடங்கு பேர் பார்த்தார்கள். வாட்ஸப்பில் அந்த மாதிரிக் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. எந்த ஊர், எந்த ஆலை, யார் என்று தெரியாது. சிசிடிவியில் பதிவானது கை மாறிக் கை மாறி வரும். அப்படி வந்த ஒன்றை எடுத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஷாஃப்டில் தொழிலாளி ஒருவரின் சட்டைக்கை சிக்குகிறது. அதற்கு மேல் என்ன ஆனது என்று இந்த மேடையில் நான் சொல்லப்போவதில்லை. வீடியோவில் முழுசாகக் காட்டினேன். இரண்டு தடவை. இரண்டாவது தடவை வேகத்தைக் குறைத்து.

முகப்புப் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, "இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்" என்று எழுதினேன். இந்த வாசகத்தை எதற்கு எழுதுகிறோம் என்று நமக்கெல்லாம் தெரியும். சினிமா போஸ்டரில் அப்படி எழுதியிருந்தால் கூட்டம் குறையவா செய்யும்? 1951இல் வெளிவந்த 'மர்மயோகி' படத்துக்கு ஆவி வருகிற காட்சிக்காக 'ஏ' சான்றிதழ் கொடுத்தார்கள். 'ஏ' வாங்கிய முதல் தமிழ்ப் படம் அது. இன்றைக்கு அந்த ஆவியைப் பார்த்தால் குழந்தைகள் சிரிக்கும். ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் ஒரு காட்சி சின்னப் பிள்ளையைப் பயமுறுத்துமா என்று யோசிக்க ஒரு குழு இருந்தது. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிற ஆள் ஒருவர் இருந்தார். அவர் சரியாகப் பார்த்தாரோ இல்லையோ, ஒரு வாசல் இருந்தது. என் வீடியோவுக்குக் குழுவும் நான்தான், டிக்கெட் கிழிப்பவனும் நான்தான். இரண்டு வேலையையும் நான் செய்யவில்லை.

வீடியோ போட்டு மூன்று வாரம் இருக்கும். ராஜபாளையத்திலிருந்து அக்கா போன் செய்தாள். அத்தான் அங்கே ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். பையன் நாலாம் வகுப்பு.

"டேய் தம்பி, ஒரு தடவ இங்க வந்துட்டுப் போடா."

"என்னக்கா, யாருக்கும் உடம்பு சரியில்லையா?"

"உங்க அத்தானோட டூட்டிச் சட்டை ரெண்டையும் இவன் கத்திரிக்கோல எடுத்து வெட்டிட்டான். ரெண்டு கையும். தோள்பட்டையோட."

நான் சிரித்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த நேரம் ஒரு பெருமை கூட வந்தது. தளர்ந்த சட்டைக்கை ஆபத்து என்பதுதான் அந்த வீடியோவின் பாடம். நாலாம் வகுப்புப் பையனுக்கே அது புரிந்துவிட்டதே என்று நினைத்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "பதினோரு நாளா அவன் ராத்திரி தூங்கல. அவுங்க நைட் ஷிஃப்டுக்குக் கெளம்புனா வாசல்ல படுத்துக்கிட்டு விட மாட்டேங்குறான். ஸ்கூல்ல கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான். நேத்துத்தான் சொன்னான், நீ போட்ட படம்தானாம். என் போன்ல கேம் தேடிக்கிட்டு இருந்தப்ப வந்துச்சாம். 'மாமா பேசுற குரல் கேட்டுச்சு, அதான் பாத்தேன்'னு சொல்றான்."

நண்பர்களே, அந்தக் கடைசி வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேறு யாருடைய குரலாவது இருந்திருந்தால் அவன் தள்ளிவிட்டுப் போயிருப்பான். மாமா குரல், நம்பி உட்கார்ந்தான்.

இந்த இடத்தில் சிலர், "குழந்தை கையில் எதற்குப் போனைக் கொடுத்தார்கள்?" என்று கேட்பீர்கள். நானும் மனதுக்குள் கேட்டுப் பார்த்தேன், தப்பை வேறு ஆள் தலையில் இறக்கிவைக்க. ஆனால் யோசியுங்கள். அக்கா அடுப்படியில் இருக்கிறாள். போனிலிருந்து தம்பி குரல் வருகிறது. அதை விடப் பத்திரமான சத்தம் ஒரு வீட்டில் வேறு என்ன இருக்க முடியும்?

அதன் பிறகுதான் என் வீடியோவை ஏற்றிய பக்கத்தைத் திறந்து, இத்தனை நாள் படிக்காமலே தாண்டிப் போன கேள்விகளைப் படித்தேன். நம் மாணவர்களில் பலர் சேனல் வைத்திருக்கிறீர்கள், ரீல்ஸ் போடுகிறீர்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

அங்கே முதல் கேள்வி, "இந்த வீடியோ குழந்தைகளுக்காக எடுக்கப்பட்டதா?" என்பது. "இல்லை" என்று குத்திவிட்டுப் போய்விடுவோம். குழந்தைகள் விஷயத்தில் நம் கடமை முடிந்தது என்று நினைப்போம். அந்தக் கேள்வி வந்த கதையே வேறு. குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியில்லாமல் சேகரித்து விளம்பரம் காட்டியதாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதன் தொடர்ச்சியாக 2020 ஜனவரியிலிருந்து எல்லாப் படைப்பாளிகளும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அது விவர சேகரிப்பையும் விளம்பரத்தையும் பற்றிய கேள்வி. "ஒரு குழந்தை இதைப் பார்த்தால் என்ன ஆகும்?" என்று அது கேட்கவில்லை.

அதற்குக் கீழே இன்னொன்று மடித்து வைத்திருக்கும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தலாமா என்பது. அதை நான் விரித்தே பார்த்ததில்லை என்று சொன்னால் பொய். ஒரு தடவை பார்த்தேன். அதைக் குத்தினால் விளம்பர வருமானம் குறையும், இல்லாமலும் போகலாம் என்று தெரிந்தது. மடித்து வைத்துவிட்டேன். ஒரு டிக் போடாததற்குக் காரணம் மறதி இல்லை, காசு. பெரிய காசு கூட இல்லை.

சரி, அந்த டிக்கைப் போட்டிருந்தால் என் அக்கா பையன் தப்பித்திருப்பானா? இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தப்பித்திருக்க மாட்டான். போன் அவன் அம்மாவுடையது, கணக்கும் அம்மாவுடையது. யூடியூபைப் பொறுத்தவரை அன்றைக்கு அந்தக் காட்சியைப் பார்த்தது முப்பத்தெட்டு வயதுப் பெண்மணி. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே கொண்டுவந்திருக்கிறார்கள். அம்மா போனில் அம்மா கணக்கில் பார்க்கிற பிள்ளையை அந்தச் சட்டமும் பார்க்காது.

நம் நாட்டில் தியேட்டர் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் உண்டு. 2023 திருத்தத்துக்குப் பிறகு 'யு ஏ' என்பதையே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஓடிடி நிறுவனங்கள் தங்கள் படங்களை வயதுவாரியாக வகைப்படுத்த வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. ஆனால் வீட்டு மொட்டைமாடியில் மைக் மாட்டிக்கொண்டு பேசுகிற என்னைப் போன்றவன் போடும் வீடியோவை முன்கூட்டியே பார்த்துச் சான்று கொடுக்க ஆள் கிடையாது. அப்படி ஓர் ஆளைப் போட வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆள் இல்லாத இடத்தில் நாமே அந்த ஆளாக இருக்க வேண்டியிருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

2025இல் ஒரு பிரபல யூடியூபர், ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் பேசிய ஆபாசப் பேச்சுக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. எந்த வயதினரும் பார்க்கும்படியான தரத்தில் நடத்துவேன் என்று உறுதி கொடுத்தால் சொந்த நிகழ்ச்சியைத் தொடரலாம் என்று மார்ச் மாதம் நீதிமன்றம் அவருக்கு அனுமதி கொடுத்தது. அது அவருடைய வழக்கு. எல்லோருடைய எல்லா வீடியோவும் அப்படி இருக்க முடியுமா? என் விஷயத்தில் முடியாது. விபத்தைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். போதைப் பழக்கம், குழந்தைகள் மீதான வன்முறை, தற்கொலை, இவை பற்றியெல்லாம் பெரியவர்கள் பேசித்தான் ஆக வேண்டும். பேசாமல் விட்டால் அதில் அடிபடுகிறவர்களும் பிள்ளைகள்தான். ஆகவே பேசலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படி என்பதில்தான் கோட்டை விட்டேன்.

எச்சரிக்கை போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2017 டிசம்பர் 31 அன்று லோகன் பால் என்ற அமெரிக்க யூடியூபர், ஜப்பானில் ஃபூஜி மலையடிவாரத்திலுள்ள ஆவோகிகஹாரா காட்டில், தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் உடலைப் படமெடுத்துப் போட்டார். அவருடைய ரசிகர்களில் பெரும் பகுதி பள்ளிக்கூடப் பிள்ளைகள். வீடியோவின் தொடக்கத்தில் எச்சரிக்கை இருந்தது. இருந்தும் லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு வந்த பிறகு அவரே நீக்கினார், மன்னிப்புக் கேட்டார். 2018 ஜனவரியில் யூடியூப் தன்னுடைய உயர் விளம்பரத் திட்டத்திலிருந்து அவரை எடுத்தது. எல்லாம் நடந்தது, பிள்ளைகள் பார்த்த பிறகு.

எச்சரிக்கை ஏன் போதவில்லை என்பதற்குப் பதில் நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. தொழிற்சாலைப் பாதுகாப்பில் ஆபத்தைக் கட்டுப்படுத்த ஐந்து படி சொல்வார்கள். முதல் படி, ஆபத்தையே நீக்குவது. இரண்டாவது, ஆபத்துக் குறைந்த வேறொன்றை அந்த இடத்தில் வைப்பது. மூன்றாவது, வலை, மூடி, தடுப்பு. நான்காவது, பயிற்சி, விதி, எச்சரிக்கைப் பலகை. ஐந்தாவது, ஹெல்மெட், கையுறை. மேலே உள்ளது பலமானது, கீழே போகப் போகப் பலவீனம். எச்சரிக்கைப் பலகை நான்காவது படி. "பெற்றோர் கவனித்துக்கொள்ளட்டும்" என்பது ஐந்தாவது. நாம் ஆபத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்தவரை ஹெல்மெட் போடச் சொல்கிறோம். என் தொழிற்சாலையில் ஓடுகிற ஷாஃப்டுக்கு வலை போடாமல் பலகை மட்டும் மாட்டினால் நானே வேலையை நிறுத்திவிடுவேன். என் வீடியோவில் பலகை மட்டும்தான் இருந்தது. அந்தப் பலகையிலும் பாதி விளம்பரம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை நாம் பரீட்சைக்காகப் படித்தோம். அதில் 21ஆவது பிரிவு, ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு உறுதியான வேலி போடச் சொன்னது. இரண்டு பிரிவு தள்ளி 23ஆவது பிரிவு. இளவயதுத் தொழிலாளி ஒருவரை ஆபத்தான இயந்திரத்தில் நிறுத்துவதானால், அதன் ஆபத்தையும் முன்னெச்சரிக்கையையும் முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். போதிய பயிற்சி பெற்றிருக்க வேண்டும், அல்லது விஷயம் தெரிந்தவரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்றது. தொழிலாளர் சட்டங்கள் இப்போது புதிய தொகுப்புகளாகிவிட்டன. ஆனால் அந்த இரண்டு பிரிவிலும் இருக்கிற நியாயம் பழசாகவில்லை. எல்லோருக்கும் வேலி, இளையவருக்கு வேலியோடு கூடவே சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். நம் லேத் மாஸ்டர் கையைப் பைக்குள் வைத்திருந்து, நாங்கள் மெஷினைக் கற்றுக்கொண்ட பிறகு, தானே பக்கத்தில் நின்று காட்டினாரே, அதுதான் 23ஆவது பிரிவு. நான் அதே கையை, யார் என்றே தெரியாத பிள்ளைகளுக்கு முன்னால், பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில், வேகத்தைக் குறைத்து இரண்டு தடவை காட்டினேன்.

அந்த வீடியோவை அன்று இரவே எடுத்துவிட்டேன். எடுத்தால் போதாது, அந்தப் பாடம் தொழிலாளிக்கு வேண்டும். ஆகவே ஐந்து படியையும் வைத்துக்கொண்டு மறுபடி எடுத்தேன்.

முதல் படி: அந்தக் காட்சி இல்லாமல் இந்தப் பாடத்தைச் சொல்ல முடியுமா என்று என்னையே கேட்டேன். முடியும். தூக்கிவிட்டேன். அதில் இருந்தவர் யாரோ ஒருவருடைய அப்பா. அவர் பிள்ளைகளிடம் நான் அனுமதி கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. தவிர, வயதுக் கட்டுப்பாடு என்பது யூடியூபுக்குள் மட்டும்தான். அந்தத் துண்டை யாராவது வெட்டி வாட்ஸப்பில் போட்டால் கட்டுப்பாடு கூடவே போகாது. இல்லாத காட்சியை வெட்டிப் பரப்ப யாராலும் முடியாது.

இரண்டாவது படி: அந்த இடத்தில் கணக்கை வைத்தேன். மாணவர்கள் மனதுக்குள் போட்டுப் பாருங்கள். ஷாஃப்ட் 50 மில்லிமீட்டர் விட்டம், நிமிஷத்துக்கு 960 சுற்று. அதாவது விநாடிக்கு 16 சுற்று. ஒரு சுற்றில் சுமார் 157 மில்லிமீட்டர் துணியை இழுக்கும். விநாடிக்குச் சுமார் இரண்டரை மீட்டர். சட்டை மாட்டியது என்று உணர்ந்து நாம் கையை இழுக்க ஆரம்பிப்பதற்கே கால் விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ஷாஃப்ட் நாலு சுற்றுச் சுற்றிவிடும். 63 சென்டிமீட்டர். ஒரு முழுக்கைச் சட்டையின் கை நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். "நான் சுதாரிச்சுக்குவேன்" என்று சொல்கிற ஆளுக்கு இந்தக் கணக்கு போதும். இதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் ஒரு சூப்பர்வைசர் எழுதினார்: "தம்பி, உங்க பழைய வீடியோவைப் பார்த்து எங்க ஆளுங்க உச்சுக் கொட்டினாங்க. இதைப் பார்த்து சட்டைக்கையை அளந்து பார்த்தாங்க."

மூன்றாவது படி, வேலி: விபத்து என்றாலே சில விஷயங்கள் கடுமையாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட வீடியோவுக்கு அந்த 18 வயது டிக்கைப் போடுகிறேன். அம்மா போனில் அது நிற்காது என்று தெரியும். சாவி உள்ளேயே இருக்கிற வேலி என்பதால் வேலியே வேண்டாம் என்று ஆகிவிடாது. சொந்தக் கணக்கு வைத்திருக்கிற பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைகளிடம் அது நிற்கும்.

நான்காவது படி: முகப்புப் படமும் தலைப்பும். சிவப்பு வட்டம் போச்சு. உள்ளே என்ன இருக்கிறது, யாருக்காக என்று சாதாரணமாக எழுதுகிறேன். "ஷாஃப்ட், பெல்ட் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு" என்று போட்டால் சின்னப் பையனுக்கு அதில் ஆர்வம் வராது. அதுவே ஒரு வேலி.

ஐந்தாவதை, அதாவது பெற்றோரை, நான் குறை சொல்வதில்லை. வீடியோ முடிவில் ஒரு வரி மட்டும் சேர்க்கிறேன்: "வீட்டில் பிள்ளைகள் இதைப் பார்த்திருந்தால், அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேளுங்கள்."

நஷ்டம் உண்டா என்றால் உண்டு. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை இறங்கியது. மாதாமாதம் வந்துகொண்டிருந்த விளம்பரத் தொகையும் இறங்கியது. இன்னும் பழைய இடத்துக்கு ஏறவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். நல்லது செய்தால் உடனே லாபம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். வேலி போடச் செலவாகும். எந்த ஆலை முதலாளிக்கும் அது தெரியும்.

அக்கா பையனுக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை ராஜபாளையம் போனேன். என்னைப் பார்த்து ஓடி வருகிறவன், கதவுக்குப் பின்னால் நின்றான். நான் ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. "வாடா, மாவு மில்லுக்குப் போய்ட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் தெருவிலேயே இருக்கிறது. பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மில்காரர் நல்ல மனுஷர். விஷயத்தைச் சொன்னதும் மெயினை அணைத்து, பெல்ட் முழுசாக நின்ற பிறகு எங்களைக் கிட்டே விட்டார். பெல்ட்டின் மேல் இருந்த கம்பிவலையை அவன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இந்த வலை இருந்தா சட்டை மாட்டாதா மாமா?"

"மாட்டாது."

"அப்பா மில்லுல வலை இருக்கா?"

"அப்பாகிட்டயே கேளு. ஃபிட்டர்தானே, அந்த வலையைக் கழட்டி மாட்டுறதே அவர் வேலைதான்."

அன்று ராத்திரி அத்தான் அவனுக்குக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார், எங்கே வலை, எங்கே ஸ்டாப் பட்டன், மெஷினைத் திறப்பதற்கு முன்னால் எந்த ஸ்விட்சைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார் என்று. அப்பா வேலையைப் பற்றி அந்தப் பையனுக்கு முதல் முதலாகத் தெரிந்தது அன்றைக்குத்தான். அது என் வீடியோ மூலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்த விதத்தில் தெரிந்திருக்கவும் கூடாது.

அன்றைக்கே அவன் நிம்மதியாகத் தூங்கிவிட்டான் என்று சொன்னால் அது சினிமா. தூக்கம் திரும்ப ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. இன்றைக்கும் அத்தான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, சட்டைக்கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுத்தான் அனுப்புகிறான். அத்தான் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார். அக்காவும் சிரிப்பாள். எனக்கு மட்டும் அந்த நேரம் அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களில் பலருக்கு நான் சம்பாதித்ததை விட நிறைய பேர் பார்ப்பார்கள். உங்கள் போனிலிருந்து ஒரு வீடியோ போனால் அது யார் வீட்டுக்குள் நுழைகிறது, அந்த நேரம் அந்த வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் இயந்திரத்தை நிறுத்துகிற பொறியாளர் என்ன செய்வார்? அங்கே ஒரு சின்னப் பிள்ளை வரும் என்று வைத்துக்கொண்டுதான் வேலி போடுவார். அந்தப் பிள்ளை உங்கள் குரலைக் கேட்டு நம்பி வரும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் லேத் மாஸ்டர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. இந்தக் கூட்டத்துக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன், உடல்நிலை காரணமாக வர முடியவில்லை என்றார்கள். நாளைக் காலை அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் அன்றைக்குச் சொன்னது இப்போதுதான் புரிந்தது என்று சொல்லப்போகிறேன். "புத்தி வர இவ்வளவு நாளாடா?" என்று திட்டுவார். திட்டட்டும்.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.